எட்டில் இரண்டு பேர்

எழுதுங்கள் சார், எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். நேற்று வந்த சூப்பர்வைசர் என்ன செய்தார் தெரியுமா? கேட்டுக்குள் நுழையும்போதே காகிதத்தின் தலையில் ‘குடியிருப்பவரைத் தாக்கிய காவலாளி’ என்று எழுதிவிட்டார். அதன் பிறகுதான் என்னிடம், “என்ன நடந்துச்சு ஏகாம்பரம்?” என்று கேட்டார். தலைப்பை எழுதி வைத்துவிட்டு விசாரிக்கிற வழக்கத்தை நான் ராணுவத்தில்கூடப் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

என்னைப் பற்றி உங்கள் ஃபைலில் எல்லாம் இருக்கும். குடியாத்தம் பக்கம் ஊர். ராணுவத்தில் பதினேழு வருஷம். ஹவில்தாராக வெளியே வந்தேன். உங்கள் செக்யூரிட்டி ஏஜென்சியில் ஆறு வருஷம், ஆறு வருஷமும் இதே கேட். மாற்றல் கேட்டதில்லை. காரணம் ஃபைலில் இருக்காது, அதனால் சொல்கிறேன். என் மனைவி கன்னியம்மாளுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டு தெரு. முடிந்து திரும்பும்போது அவளால் பஸ் ஏற முடியாது, ஆட்டோவில் குலுங்கினால் வாந்தி எடுப்பாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்துவிடுவாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் அசோசியேஷன் கொடுத்த ஓர் அறையில் இருக்கிறோம். இந்த கேட் போனால் அந்த அறையும் போகும், ஆஸ்பத்திரியும் போகும். அதனால்தான் பொறுமையாகக் கேட்கச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது பதினெட்டாம் தேதி காலையில் நடந்ததை. அது இரண்டு நிமிஷ விஷயம். அதை மட்டும் சொன்னால் நான்தான் குற்றவாளி. ஆகவே முதலில் அந்த எட்டைப் பாருங்கள். அதோ, ஜெனரேட்டருக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறதே, அதுதான். எட்டு நடை நடந்தால் சர்க்கரை குறையும், முட்டிவலி போகும் என்று யாரோ ஒரு வீடியோ அனுப்பி, மூன்று வருஷத்துக்கு முன்னால் அசோசியேஷனில் தீர்மானம் போட்டு அடித்தார்கள். ஒரு வளையம் ஏ பிளாக் பக்கம், இன்னொரு வளையம் பி பிளாக் பக்கம். நடுவில் கோடு கோட்டை வெட்டுகிறது. அந்த இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் முழுக்க அங்கேதான்.

பெயிண்ட் அடித்தபோது நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் நடந்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ஏ பிளாக் கோதண்டபாணி சார். ஆயுள் காப்பீட்டில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ரத்தக் கொதிப்பு. இன்னொருவர் பி பிளாக் மாசிலாமணி சார். காலேஜில் சரித்திரம் நடத்தியவர், சர்க்கரை. தினமும் காலை ஐந்தரைக்கு வருவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், பேசிக்கொண்டே அரை மணி நேரம். பி பிளாக் வளையம் என் கேபினை ஒட்டி வரும். அதனால் அவர்கள் பேச்சு எனக்குத் துண்டு துண்டாகக் கேட்கும். ஒரு சுற்றில் கேள்வி கேட்கும், பதில் ஏ பிளாக் பக்கம் போய்விடும். அடுத்த சுற்றில் வேறு கேள்வி. மூன்று வருஷமாக நான் பாதிப் பேச்சு கேட்டே வளர்ந்தவன் சார்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் டிவியில் ஓயாமல் ஏதோ ஒரு நாட்டுச் சண்டை. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இவர்கள் ஆரம்பித்தார்கள். மனுஷன் ஏன் போர் செய்கிறான், அது பிறவியிலேயே இருக்கிறதா, யாராவது சொல்லிக் கொடுத்து வருகிறதா என்று. மாசிலாமணி சார், “ரத்தத்துலயே இருக்கு கோதண்டம். சண்டை இல்லாத வருஷம்னு சரித்திரத்துல ஒண்ணு காட்டு, நான் நடக்குறதையே விட்டுடறேன்” என்றார். அடுத்த சுற்றில் கோதண்டபாணி சார், “எங்க அப்பா ஒரு கோழி அறுத்ததில்ல, தெரியுமா?” என்றார்.

“கோழி அறுக்காதவன்தான்யா கோர்ட்டுக்குப் போவான். பங்காளி மேல எத்தன கேஸ் போட்டாரு உங்க அப்பா?”

அதற்குப் பதில் அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வரும்போது, “மூணுதான். அதுவும் சொத்துக்காக” என்று கேட்டது.

“உலகத்துல எல்லாப் போரும் சொத்துக்காகத்தான்யா.”

இப்படியே மூன்று வாரம் போனது. சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நடுவில் நின்று, கோதண்டபாணி சார் என்னைக் கூப்பிட்டார். “நாம ரெண்டு பேரும் புத்தகத்தப் படிச்சிட்டுப் பேசறோம். மிலிட்டரிக்காரர் ஒருத்தர் இங்கயே உக்காந்திருக்காரு. அவரக் கேப்போம். ஏகாம்பரம், நீங்க சொல்லுங்க, மனுஷனுக்குள்ளயே சண்டை இருக்கா?”

ஆறு வருஷத்தில் இந்த அடுக்ககத்தில் என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. பார்சல் வந்ததா, மோட்டார் போட்டாயா, இதுதான் கேட்பார்கள். நான் எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன்.

எல்லையில், மலைமேல் ஒரு போஸ்டில் பதினோரு மாதம் இருந்தேன். எதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் போஸ்ட். வெயில் வருவதே அபூர்வம். வந்தால் நாங்களும் துணி காயப்போடுவோம், அவர்களும் காயப்போடுவார்கள். யார் சமையல்காரர், யார் புது ஆள் என்றுகூட எங்களுக்குத் தெரியும். மேலிருந்து ஆர்டர் வந்தால் சுடுவோம். அவர்களும் சுடுவார்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம். மறுநாள் வெயில் வந்தால் இரண்டு பக்கமும் துணி காயும். யார்மேலும் எனக்கு ஒரு பொட்டுக் கோபம் இருந்ததில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அங்கே சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று காயும். ஒரு தடவை சுட்டு நிறுத்திய பிறகு எல்லாத் துணியும் வந்தது, அது மட்டும் வரவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவன் லீவில் போயிருப்பான். வேறு போஸ்டுக்கு மாற்றல்கூட ஆகியிருக்கலாம்.

என் பதிலைக் கேட்டு ஒருவராவது யோசித்தார்களா? இல்லை. கோதண்டபாணி சார் கையைத் தட்டினார். “பாத்தியா மாசி, ஆர்டர். ஆர்டர் இல்லன்னா துணி காயுது. மேல இருக்கறவன்தான் சண்டை மூட்டுறான்.” மாசிலாமணி சார், “சரியாக் கேளுய்யா. கோபமே இல்லாம சுட்டேங்கறாரு. உள்ள இல்லாதது எப்படிய்யா கைக்கு வரும்?” என்றார்.

“முப்பது வருஷம் பசங்கள போர் நடந்த தேதிய மனப்பாடம் பண்ண வெச்ச ஆளு நீ. உனக்கு உலகம் அப்படித்தான் தெரியும்.”

“நீ முப்பது வருஷம் சாவக் காட்டிப் பாலிசி வித்தவன். நீ சமாதானம் பேசற.”

அப்போது இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். கோதண்டபாணி சார் ஏ பிளாக் முனையில் ஆரம்பித்தார். மாசிலாமணி சார் பி பிளாக் முனையில் ஆரம்பித்தார். இங்கேதான் கவனிக்க வேண்டும். எட்டில் இரண்டு பேர் எதிரெதிர் முனையில் ஆரம்பித்தால், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் நடுவில் வந்து நிற்பார்கள். ஒருவர் கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் மூன்று வருஷம் சேர்ந்து நடந்த கால்கள் சார். இரண்டு பேருக்கும் ஒரே வேகம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை, சொல்லி வைத்தாற்போல் அதே இடத்தில் தோளோடு தோள். யார் நிற்பது? அவர் நிற்க மாட்டார், இவரும் நிற்க மாட்டார். நாலாம் நாள் கோதண்டபாணி சாரின் கைக்கடிகாரம் மாசிலாமணி சாரின் முழங்கையைக் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. வெள்ளைக் கோடுதான். அதைப் படம் எடுத்து பி பிளாக் வாட்ஸ்அப்பில் போட்டார்கள்.

அன்று மத்தியானம் ஏ பிளாக் செக்ரட்டரி என் கேபினுக்கு வந்தார். “ஏகாம்பரம், நாளைலேர்ந்து நீ நடுவுல நில்லு. எங்க சார் வரும்போது அவருக்கு வழி விடணும். வயசுல பெரியவரு.” சாயங்காலம் பி பிளாக் டிரெஷரர் வந்தார். அவர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார். “நீங்க மிலிட்டரி. உங்களுக்குத் தெரியாததா? எங்க சாருக்கு ஏற்கெனவே அடிபட்டிருக்கு. அவரத்தான் முதல்ல விடணும்.”

இரண்டு ஆர்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். நான் என்ன செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள். நான் யோசித்து நியாயமாக ஒரு முறை வைத்தேன். ஒரு தடவை ஏ, அடுத்த தடவை பி. அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து என் பழைய விசிலை எடுத்து வந்தேன். நடுவில் நின்று, முறைப்படி ஒருவரை நிறுத்தி ஒருவரை விட்டேன். நாளைக்கு யாரும் குறை சொல்லக்கூடாதே என்று கேட் ரெஜிஸ்டரில் தனியாக ஒரு பக்கம் போட்டு எழுதினேன். ‘5.42. ஏ நிறுத்தம். மூன்று விநாடி. முணுமுணுத்தார்.’ ‘5.44. பி நிறுத்தம். ஐந்து விநாடி. முறைத்தார்.’ ஒரு வார்த்தை கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

என்ன செய்தார்கள்? தினமும் சாயங்காலம் இரண்டு பிளாக்கிலிருந்தும் ஆள் வந்து அந்தப் பக்கத்தைப் படித்தார்கள். “இவருக்கு மூணு விநாடி, எங்களுக்கு அஞ்சா?” என்று அங்கேயே ஆரம்பித்துவிடுவார்கள். சண்டையை அடக்கத்தான் நான் எழுதினேன். படிக்கத் தெரிந்தவர்கள் அதை வைத்துச் சண்டை போட்டால் எழுதியவன் என்ன செய்வான்?

பாதுகாப்பும் செய்தேன். மொட்டைமாடி வேலையில் மிஞ்சிய மணல் மூட்டைகள் சுவரோரம் கிடந்தன. யார் முட்டியும் மோதக்கூடாதே என்று அவற்றை நடுவில் நாலு மூலையிலும் அடுக்கினேன். கயிறு கட்டினேன், முறை வந்தவருக்கு மட்டும் இறக்கிவிடுவேன். வெள்ளைச் சுண்ணாம்பில் கோடு போட்டேன், இதற்கு மேல் வரக்கூடாது என்று. முன்பெல்லாம் ஐந்தரைக்கு இந்த வளாகத்தில் காக்கைகூட எழுந்திருக்காது. இப்போது இருபது பேர். ஏ பிளாக் ஆட்கள் அந்தப் பக்கம், பி பிளாக் ஆட்கள் இந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. ஒருவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். பால்கனியில் பெண்கள். “கோதண்டம் சார், விடாதீங்க” என்று ஒரு குரல். “மாசிலாமணி சார், நிமிந்து நடங்க” என்று இன்னொரு குரல். நடப்பவர்கள் இரண்டு பேரும் பாவம், ஒருநாள்கூட லீவு போட முடியவில்லை. மாசிலாமணி சாருக்குக் காய்ச்சல் இருந்தது. டிரெஷரர் போய் எழுப்பிக்கொண்டு வந்தார்.

எனக்கு இதெல்லாம் கூடுதல் வேலைதான் சார். ஒருவர்கூட ஒரு டீ வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனாலும் செய்தேன். நாலரைக்கே எழுந்து ஷேவ் செய்துகொள்வேன். பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவேன், ராணுவத்தை விட்ட பிறகு போட்டதே இல்லை. ஒருநாள் கன்னியம்மா படுத்தபடியே கேட்டாள். “இன்னாய்யா, தெனம் சோத்துல உப்பில்ல, உப்பில்லன்னு கத்துவ. மூணு வாரமா இன்னா போட்டாலும் துன்றியே. அப்படி இன்னாய்யா சந்தோஷம் உனக்கு?” டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இப்படித்தான் ஏதாவது தோன்றும். நான் விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சரி, பதினெட்டாம் தேதிக்கு வருகிறேன்.

அன்று மழை. கோடை மழை, நல்ல கனம். அதனால் வேடிக்கை பார்க்க ஒருவரும் வரவில்லை. நாற்காலிகள் மட்டும் நனைந்துகொண்டிருந்தன. இவர்களும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஐந்தரைக்கு இரண்டு குடைகள் வந்தன. ஆளுக்கொரு முனையில் ஆரம்பித்தார்கள். நான் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நடுவில் என் இடத்தில் நின்றேன். கையில் கம்பு. முதல் முறை ஏ பிளாக்குடையது.

நடுவில் வந்ததும் இரண்டு பேரும் நின்றார்கள். நான் விசில் கொடுத்தேன். கோதண்டபாணி சார் நகரவில்லை. “நீ போ மாசி. உனக்குக் காய்ச்சல்னாங்களே” என்றார்.

“நீ போ. உன் முறைதானாம். ரெஜிஸ்டர்ல பாத்துக்கோ.” சொல்லிவிட்டு மாசிலாமணி சார் சிரித்தார். இவரும் சிரித்தார். இரண்டு பேரும் மணல் மூட்டையைப் பார்த்தார்கள், கயிற்றைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

நான் மறுபடி விசில் கொடுத்தேன். “ஏ பிளாக் போகலாம்” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க ஏகாம்பரம்” என்றார் கோதண்டபாணி சார். “வாய்யா மாசி, என் வீட்டுல காபி குடிக்கலாம். எத்தன நாள்தான் இந்தக் கூத்து?” என்று அவர் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கயிற்றைத் தாண்டக் காலை எடுத்தார்கள்.

சார், என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் என்பதுதான் முறை. இரண்டு பேரை ஒன்றாக விடு என்று செக்ரட்டரி சொல்லவில்லை, டிரெஷரரும் சொல்லவில்லை. நாளைக்கு யார் முதலில் காலை வைத்தது என்று கேட்டால் நான் ரெஜிஸ்டரில் என்ன எழுதுவேன்? சமாதானத்துக்கு எனக்கு ஆர்டர் வரவில்லை. நான் கம்பைக் குறுக்கே நீட்டினேன். அடிக்கவில்லை, நீட்டினேன். கோதண்டபாணி சார் அதைக் கையால் தள்ளினார். நான் விடவில்லை. தள்ளினால் விடாமல் பிடிக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் மறுபடி தள்ள, நான் திருப்ப, கம்பு மாசிலாமணி சார் மார்பில் பட்டது. அவர் ஈரத்தில் வழுக்கி, மணல் மூட்டைமேல் விழுந்து, கையை ஊன்றினார். மணிக்கட்டில் சத்தம் கேட்டது.

ஒரு தடவைதான் பட்டது சார். புகாரில் இரண்டு தடவை என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை அவர் எழுந்திருக்கப் பார்த்தபோது, அசையாமல் இருக்கட்டும் என்று கம்பை வைத்து அழுத்தினேன். எலும்பு முறிந்தவரை அசைக்கக்கூடாது. அது முதலுதவி. அதை அடி என்று எழுதினால் நான் எங்கே போய்ச் சொல்வது?

கோதண்டபாணி சார்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாவுக்கட்டு போட்டு முடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாராம். அன்று சாயங்காலம் அசோசியேஷன் கூட்டம். இந்த வளாகத்தில் ஆறு வருஷமாக ஒரு விஷயத்திலும் இரண்டு பிளாக்கும் ஒத்துப்போனதில்லை. தண்ணீர் லாரி, லிப்ட், பிள்ளையார் சதுர்த்தி, எதிலும் இல்லை. அன்றைக்கு நாற்பத்தெட்டு வீடும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். என்னை மாற்ற வேண்டும் என்று. இடது கையால் கோணலாக முதல் கையெழுத்து மாசிலாமணி சார். இரண்டாவது கோதண்டபாணி சார். என்னை நடுவில் நிற்கச் சொன்ன செக்ரட்டரியும் டிரெஷரரும் அடுத்தடுத்து. நிற்கச் சொன்னீர்களே என்று கேட்டேன். “நிக்கத்தானய்யா சொன்னோம்” என்றார் செக்ரட்டரி. மூட்டையை அடுக்கியபோது அவர்தான் ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போட்டவர்.

மூட்டைகளை இப்போது எடுத்துவிட்டார்கள். பழையபடி இரண்டு பேரும் நடக்கிறார்கள். நேற்றுக் காலையில் பார்த்தேன். மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டு மாசிலாமணி சார் முன்னால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு கோதண்டபாணி சார் பின்னால். ஏதோ பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். என் கேபின் பக்கம் வரும்போது நிறுத்திக்கொள்கிறார்கள். தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். இப்போது எனக்குப் பாதிப் பேச்சுகூட இல்லை.

மனுஷனுக்குள் சண்டை இருக்கிறதா என்று என்னை ஏன் சார் கேட்டார்கள்? எனக்குள் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அந்த இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் கிடையாது. கோபம் இல்லாதவனைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்புகிறார்கள். சண்டை போட்டவர்கள் காபி குடிக்கிறார்கள். இதை எழுதுங்கள்.

எழுதிவிட்டீர்களா? காட்டுங்கள்.

மாற்றலா? ஏடிஎம்மா? அது எங்கே இருக்கிறது? இரண்டு பஸ் மாற வேண்டுமே சார். அறை உண்டா? இல்லையா. அப்படியானால் கன்னியம்மாளை வேறு ஆஸ்பத்திரியில்தான் பதிய வேண்டும். அதற்கு எத்தனை நாள் காக்கவைப்பார்களோ. அவளுக்கு ஒருநாள் தள்ளினாலே முகம் வீங்கிவிடும். ஒரு வாரம் தவணை கொடுக்க முடியுமா? நாளைக்கேவா. சரி. ஆர்டர் என்றால் ஆர்டர். போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே நான் தனியாகவா இருப்பேன்? பக்கத்துக் கடையிலேயே இன்னொரு பேங்க் ஏடிஎம் இருக்கிறதா? அதற்கும் ஆள் உண்டா? உங்கள் ஏஜென்சி இல்லை, வேறு ஏஜென்சி. சரி, சரி. படிக்கட்டு தனித்தனியா, இரண்டுக்கும் ஒரே படிக்கட்டா?

ஒரே படிக்கட்டா. அந்த ஆள் நாற்காலியை எங்கே போட்டிருக்கிறான் சார்?